அரிப்பு தோலில், நோய் பித்தநாளத்தில்

என் நோய் இன்னதென்று தெரியவர ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது. அத்தனை நாளும் அதற்கான துப்பு என் வீட்டு அலமாரியில், ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளில், தடித்த எழுத்தில் அச்சாகிக் கிடந்தது. அந்த வரியைக் காட்டி 'இது ஏன் இப்படி இருக்கிறது?' என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய வரி அது என்று எனக்கும் தெரியாது. இப்போது தெரியும் என்பதால் எழுதுகிறேன். இதே அரிப்போடு இன்றைக்கும் யாரோ ஒருவர் தோல் மருத்துவர் அறை வாசலில் உட்கார்ந்திருப்பார்.

நோயின் பெயர் பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ், சுருக்கமாகப் பிபிசி. செய்தி சொல்கிற பிபிசி இல்லை. இது எதையும் வெளியே சொல்லாது. நம் உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களே கல்லீரலுக்குள் இருக்கும் மிகச் சிறிய பித்தநாளங்களைத் தாக்கி மெல்ல மெல்ல அழிக்கும் ஆட்டோ இம்யூன் நோய். பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் 40 வயதுக்கு மேல் 60 வயதுக்குள். எனக்கு 46 வயதில் ஆரம்பித்தது.

முதலில் உள்ளங்காலில்தான் அரிப்பு வந்தது. பகலில் ஒன்றும் தெரியாது. இரவு படுத்துப் போர்வைக்குள் கால் சூடானதும் தொடங்கிவிடும். சொறிந்தால் அடங்குகிற அரிப்பு இல்லை அது. தோலுக்கு அடியில், நகம் எட்டாத ஆழத்தில் எங்கேயோ இருப்பதுபோல் இருக்கும். தலை வாரும் சீப்பின் பற்களால் உள்ளங்காலைத் தேய்ப்பேன். எழுந்து போய்க் குளியலறையின் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பேன், ஐந்து நிமிஷம் நிம்மதி கிடைக்கும். அப்புறம் உள்ளங்கைக்கு வந்தது, பிறகு முதுகு, முழங்கை. கண்ணாடியில் பார்த்தால் தடிப்பு கிடையாது, கொப்புளம் கிடையாது. நான் சொறிந்த கோடுகள் மட்டும்தான் இருக்கும்.

இங்கேயே முதல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அரிப்பு இருக்கிறது, ஆனால் சொறிந்த தழும்பைத் தவிர தோலில் வேறெதுவும் இல்லை, இரவில் கூடுகிறது, உள்ளங்கை, உள்ளங்காலில் அதிகம், அலர்ஜி மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறதே தவிர அரிப்பு குறையவில்லை. இந்த நான்கும் சேர்ந்து வந்தால் தோலை விட்டுவிட்டு உள்ளே பார்க்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு, ரத்த அணுக்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். கல்லீரல் முன்வரிசையில் வரும். கல்லீரல் கோளாறு என்றால் கண் மஞ்சளாகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்த நோயில் மஞ்சள் காமாலை கடைசிக் கட்டத்தில் வருவது. காமாலையில் ரத்தத்தில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிருபின் ஆரம்ப வருஷங்களில் பெரும்பாலும் இயல்பாகத்தான் இருக்கும்.

எனக்கு நடந்தது என்னவென்றால், தோல் மருத்துவர் ஒருவர் களிம்பு கொடுத்தார். கேட்கவில்லை. இன்னொருவரிடம் போனேன், அவர் ஸ்டீராய்டு களிம்பும் அலர்ஜி மாத்திரையும் எழுதினார். பிறகு அலர்ஜிக்கான ஊசிப் பரிசோதனை. சோப்பை மாற்றினேன், துணி துவைக்கும் பொடியை மாற்றினேன், மெத்தையையே மாற்றினேன். மூட்டைப்பூச்சியாக இருக்குமோ என்று ஆள் வைத்து வீடு முழுக்க மருந்து அடித்தோம். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னச் செலவுதான். மொத்தமாகக் கூட்டிப் பார்த்த அன்று, பின்னால் எனக்குத் தேவைப்பட்ட அத்தனை பரிசோதனைகளையும் பல தடவை செய்திருக்கக்கூடிய பணம் அது என்று தெரிந்தது. பணமாவது போகட்டும். தூக்கம் இல்லாமல் போன மாதங்கள்தான் என்னை உடைத்தன. வேலையில் கவனம் போனது. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். ஒரு மருத்துவர், மனதில் ஏதாவது கவலை இருக்கிறதா என்று கேட்டார். தப்பான கேள்வி இல்லை, தூங்காத ஆளுக்குக் கவலை இருக்கத்தானே செய்யும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு அரிப்பைப் பற்றி வெளியே பேசவே எனக்குக் கூச்சமாகிவிட்டது. இந்த நோயாளிகளில் பலர் இந்த இடத்தில்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பது என் கணிப்பு.

அரிப்போடு சேர்ந்து இன்னொன்றும் இருந்தது. சோர்வு. வேலை செய்து களைத்துப்போவது வேறு, இது வேறு. காலையில் எழும்போதே உடம்பில் பாதி யாரோ உருவிக்கொண்டு போனதுபோல இருக்கும். கண் வறண்டு மணல் விழுந்த மாதிரி உறுத்தும், வாய் காய்ந்து போகும். இதை நான் கணினி பார்ப்பதன் கணக்கில் எழுதினேன், சோர்வை வயதின் கணக்கில் எழுதினேன். எல்லாவற்றையும் ஒரே மருத்துவரிடம், ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் யாருக்காவது பொறி தட்டியிருக்கலாம். ஆனால் கண்ணுக்குக் கண் மருத்துவர், தோலுக்குத் தோல் மருத்துவர் என்று நம் புகார்களைப் பிரித்துப் பிரித்துத்தானே கொண்டுபோகிறோம்? அதனால் நான் இப்போது எல்லோரிடமும் சொல்வது: எவ்வளவு சம்பந்தமில்லாததாகத் தோன்றினாலும் எல்லாத் தொந்தரவையும் ஒரே தாளில் எழுதி, எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தத் தாளையே நீட்டுங்கள்.

சரி, அந்த வரிக்கு வருகிறேன். நடுவில் ஒரு முழு உடல் பரிசோதனை செய்திருந்தேன். அதில் கல்லீரல் பகுதியில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதிகள் இரண்டும் எல்லைக்கு ஒட்டி, பிலிருபின் இயல்பு. அதற்குக் கீழே ஆல்கலைன் பாஸ்படேஸ், அதாவது ஏஎல்பி, இயல்பின் உச்சத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். தாளைப் பார்த்தவர், இந்த வயதில் பெண்களுக்கு எலும்பு தேய்வதால் இது கூடும் என்று சொல்லிக் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது முழுக்கப் பொய்யும் இல்லை. ஏஎல்பி என்ற நொதி எலும்பிலிருந்தும் வரும், கல்லீரலிலிருந்தும் வரும். வளரும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். ஆனால் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது: ஜிஜிடி என்ற இன்னொரு நொதி. அது எலும்பிலிருந்து வராது. ஏஎல்பியும் ஜிஜிடியும் சேர்ந்து கூடியிருந்தால் பிரச்சினை கல்லீரல் பக்கம், பித்தம் ஓடும் பாதையில். என் தாளில் ஜிஜிடி இல்லவே இல்லை. அந்தப் பரிசோதனைத் தொகுப்பில் அது சேர்க்கப்படவில்லை. உங்கள் தாளில் ஏஎல்பி கூடியிருந்தால் 'ஜிஜிடி பார்க்கலாமா?' என்று கேளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.

பிறகு ஒரு பொது மருத்துவர் ஜிஜிடி பார்க்கச் சொன்னார். அது இயல்பைவிடப் பல மடங்கு. உடனே வயிற்று ஸ்கேன். பித்தப்பையில் கல் இல்லை, நாளத்தில் அடைப்பு இல்லை, எல்லாம் நார்மல். அந்த 'நார்மல்' என்ற சொல்லைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. அன்று இரவும் அரித்தது.

ஸ்கேன் ஏன் நார்மலாக இருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. ஸ்கேனில் தெரிவது பெரிய நாளங்கள். இந்த நோய் பிடிப்பது கல்லீரலுக்குள் நுண்மடல்களுக்கு இடையில் ஓடும் சிறு நாளங்களை. அவற்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. எந்த ஸ்கேனும் அதைக் காட்டாது. கல், கட்டி, அடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் ஸ்கேன். ஸ்கேன் நார்மல், ஆனால் ஏஎல்பி மாதக்கணக்கில் இறங்கவில்லை என்றால் தேடல் அங்கே முடியக்கூடாது. அடுத்துப் பார்க்க வேண்டியது ஏஎம்ஏ என்ற ரத்தப் பரிசோதனை: ஆன்டி மைட்டோகாண்ட்ரியல் ஆன்டிபாடி. இந்த நோயுள்ள நூறு பேரில் 90 முதல் 95 பேருக்கு அது பாசிட்டிவ். கல்லீரல் சிறப்பு மருத்துவர் என் பழைய தாள்களைத் தேதி வாரியாக மேஜையில் பரப்பி, ஏஎல்பி வரிகளை மட்டும் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டே வந்தார். வட்டமிட்டு முடித்ததும் எழுதியது இந்த ஒரு பரிசோதனையைத்தான். பாசிட்டிவ் என்று வந்தது.

வெறும் ஏஎம்ஏ பாசிட்டிவ் மட்டும் வைத்து யாரும் பயப்பட வேண்டாம். மூன்று அடையாளங்களில் இரண்டு இருந்தால்தான் நோய் உறுதி என்பது கணக்கு: நீடித்துக் கூடியிருக்கும் ஏஎல்பி, ஏஎம்ஏ, திசுப் பரிசோதனையில் தெரியும் பித்தநாள அழிவு. ஏஎம்ஏ பாசிட்டிவாகவும் ஏஎல்பி இயல்பாகவும் இருப்பவர்களில் ஆறில் ஒருவருக்குத்தான் ஐந்து வருஷத்துக்குள் நோய் வருகிறது. அவர்கள் வருஷம் ஒரு தடவை ரத்தம் பார்த்தால் போதும். ஏஎம்ஏ நெகட்டிவாக இருந்தாலும் நோய் இருக்கலாம். அப்போது ஜிபி210, எஸ்பி100 என்ற இரண்டு ஆன்டிபாடிகளைத் தேடுவார்கள். இன்னொன்று, ஏஎம்ஏவின் அளவு கூடியிருப்பதற்கும் நோய் முற்றியிருப்பதற்கும் சம்பந்தமில்லை. அதை மறுபடி மறுபடி பார்த்துப் பணம் செலவழிக்க வேண்டாம்.

எனக்கு இரண்டு அடையாளம் இருந்ததால் பயாப்ஸி, அதாவது திசுப் பரிசோதனை, கட்டாயமில்லை. ஆனால் எஸ்ஜிபிடியும் கொஞ்சம் ஏறிக்கொண்டிருந்தது. எதிர்ப்பு அணுக்கள் கல்லீரல் அணுக்களையே தாக்கும் ஆட்டோ இம்யூன் ஹெபடைட்டிஸ் என்ற இன்னொரு நோயும் கூடவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். வலது விலா எலும்புகளுக்கு நடுவில் மரத்துப்போக ஊசி போட்டு, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, நொடி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். வலித்தது தோள்பட்டையில். அது ஏன் அங்கே வலிக்கிறது என்று பயந்துபோனேன். கல்லீரலுக்கு மேலிருக்கும் உதரவிதானத்தின் நரம்பு தோள் பக்கம் வலியைக் காட்டும், சாதாரணம்தான் என்று நர்ஸ் சொன்ன பிறகு மூச்சு வந்தது. அப்புறம் வலது பக்கமாகச் சில மணி நேரம் அசையாமல் படுத்திருந்தேன். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பயாப்ஸி அறிக்கையைத்தான் நான் அதிகத் தடவை படித்திருப்பேன். பித்தநாளத்தைச் சுற்றி லிம்போசைட்டுகள் என்ற எதிர்ப்பு அணுக்கள் அடர்ந்திருக்கின்றன, நாளத்தின் சுவர் அணுக்களுக்கு நடுவிலேயே புகுந்திருக்கின்றன, பக்கத்தில் ஒரு கிரானுலோமா (அழற்சி அணுக்கள் திரண்ட சிறு முடிச்சு), சில இடங்களில் நாளமே காணவில்லை. என் உடம்பின் அணுக்கள் என் உடம்பிலேயே ஒன்றைச் சூழ்ந்து நிற்பதை வரி வரியாகப் படிப்பது விசித்திரமான அனுபவம். கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல். அப்போதுதான் உட்கார்ந்து இது எப்படி நடக்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். புரிந்த பிறகு பயம் பாதியாகக் குறைந்தது, மருந்தைப் பற்றிய சந்தேகம் முழுதாகவே போனது. அதனால் எனக்குப் புரிந்த வரையில் இங்கே சொல்கிறேன்.

நம் அணுக்கள் ஒவ்வொன்றிலும் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது, சக்தி உண்டாக்கும் இடம். அதன் உட்சவ்வில் பிடிசி-இ2 என்று ஒரு புரதம். எதிர்ப்பு மண்டலம் எதிரியாக நினைத்துக்கொள்வது இந்தப் புரதத்தை. இது உடம்பில் எல்லா அணுவிலும் இருக்கிறதே, அப்படியானால் இதயம், தசை, மூளை எல்லாவற்றையும் அல்லவா தாக்க வேண்டும்? ஏன் சின்னப் பித்தநாளத்தை மட்டும்? ஆராய்ச்சியாளர்களையே வெகுநாள் குடைந்த கேள்வி இது. அவர்கள் கண்டது: மற்ற அணுக்கள் ஆயுள் முடிந்து சாகும்போது இந்தப் புரதத்தோடு குளூட்டாதயோன் என்ற மூலக்கூறு ஒட்டிக்கொள்ள, அதன் உருவம் மாறிவிடுகிறது, எதிர்ப்பு மண்டலத்தால் அடையாளம் காண முடிவதில்லை. பித்தநாளச் சுவர் அணு சாகும்போது மட்டும் அப்படி நடப்பதில்லை. புரதம் உரு மாறாமல் சிதைவோடு வெளியே வந்து நிற்கிறது. பி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் உண்டாக்கிய ஏஎம்ஏ அதில் போய் ஒட்டுகிறது. சிதைவை விழுங்க வரும் மேக்ரோபேஜ் அணுக்கள் இந்தக் கூட்டைப் பார்த்ததும் அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கொட்டுகின்றன. அதைக் கேட்டு டி செல்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்பு அணுக்கள் வந்து சேருகின்றன: சிடி4 வகை மற்றவற்றை ஏவிவிடுகிறது, சிடி8 வகை நாளச் சுவர் அணுக்களை நேரடியாகக் கொல்கிறது. கொல்லப்பட்ட அணுவிலிருந்து மறுபடி அதே புரதம் வெளியே வர, மறுபடி அதே சுற்று.

கதை இதோடு முடிந்தால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து கொடுத்து முடித்துவிடலாம். எனக்கும் முதலில் அந்தக் குழப்பம்தான்: ஆட்டோ இம்யூன் என்றால் ஸ்டீராய்டுதானே, எனக்கு ஏன் பித்த அமில மாத்திரை தருகிறார்கள்? நோய் தெரியாத மருத்துவரோ என்றுகூட நினைத்தேன். விடை கதையின் இரண்டாம் பாதியில் இருக்கிறது. பித்தம் சோப்பைப் போல. கொழுப்பைக் கரைப்பது அதன் வேலை, அணுச் சவ்வும் கொழுப்பால் ஆனதே. அதனால் நாளச் சுவர் அணுக்கள் தங்களைக் காத்துக்கொள்ள மேற்பரப்பில் பைகார்பனேட்டைச் சுரந்து ஒரு மெல்லிய காப்புப் படலத்தை வைத்திருக்கின்றன. இந்த நோயில் அதைச் சுரக்க உதவும் ஏஇ2 என்ற கடத்திப் புரதம் குறைந்துபோகிறது. படலம் மெலிய, பித்த அமிலமே சுவரை அரிக்கிறது. நாளம் அழிந்த இடத்தில் பித்தம் தேங்கிக் கல்லீரல் அணுக்களையும் கெடுக்கிறது, பிறகு நார்த்திசு படிகிறது, கடைசியில் ஈரல் சுருங்கிப்போகும் சிரோசிஸ். அதாவது தாக்குவது எதிர்ப்பு அணு மட்டும் இல்லை, பித்தமும் சேர்ந்துதான். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளைப் பலவிதமாகச் சோதித்தும் இந்த நோயில் பெரிய பலன் இல்லை. ஏற்கனவே பலவீனமாகிற எலும்பை ஸ்டீராய்டு இன்னும் கெடுக்கும் என்பதுதான் மிச்சம். கூடவே ஆட்டோ இம்யூன் ஹெபடைட்டிஸும் இருந்தால் அது வேறு கணக்கு, அங்கே ஸ்டீராய்டு தேவைப்படும். எனக்கு அது இல்லை என்று பயாப்ஸி சொன்னது.

அந்த மாத்திரை உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம், சுருக்கமாக உர்சோ. கரடியின் பித்தத்தில் அதிகம் இருக்கும் அமிலம் என்பதால் இந்தப் பெயர்; சீன மருத்துவத்தில் உலர்த்திய கரடிப் பித்தம் நூற்றாண்டுகளாகப் புழங்கியது. பயப்படாதீர்கள், இப்போது மாத்திரைக்காகக் கரடியைத் தேடிப் போவதில்லை, தொழிற்சாலையில்தான் தயாராகிறது. நம் பித்தத்தில் உள்ள கடுமையான அமிலங்களின் விகிதத்தைக் குறைத்து, பித்த ஓட்டத்தைக் கூட்டி, அந்தப் பைகார்பனேட் காப்புக்கும் உதவுகிறது. அமெரிக்காவில் இந்த நோய்க்கு 1997-ல் ஒப்புதல் கிடைத்தது, இன்றைக்கும் இதுதான் முதல் மருந்து.

இதில் எல்லோரும் கவனிக்க வேண்டியது அளவு. ஒரு நாளைக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 13 முதல் 15 மில்லிகிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு 780 முதல் 900 மி.கி. வரை. சிறப்பு மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே ஒருவர் எனக்கு உர்சோ எழுதியிருந்தார், 'கல்லீரலுக்கு நல்லது' என்று, நாளுக்கு 300 மி.கி. ஒரே மாத்திரை. அதைச் சில மாதங்கள் சாப்பிட்டு ஏஎல்பி இறங்கவில்லை என்றதும் இந்த மருந்து எனக்கு ஒத்துவராது என்று நிறுத்திவிட்டார்கள். ஒத்துவராமல் இல்லை, போதாமல் இருந்தது, அவ்வளவுதான். எடைக்கு ஏற்ற அளவுக்கு மாற்றிய பிறகு மூன்றே மாதத்தில் ஏஎல்பி பாதிக்கு வந்தது. உங்கள் மருந்துச் சீட்டையும் எடையையும் வைத்து ஒரு வகுத்தல் போட்டுப் பாருங்கள், கணக்கு இடித்தால் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகக் கூட்டிக்கொள்ள வேண்டாம். முதல் மாதங்களில் வயிறு கொஞ்சம் இளகும், முடி மெலியலாம், இரண்டு மூன்று கிலோ எடை கூடலாம்.

என்னைத் தளர்த்திய விஷயம் ஒன்று: உர்சோ அரிப்பையும் சோர்வையும் போக்குவதற்கான மருந்து இல்லை. ரத்தத்தில் எண்கள் அழகாக இறங்கிக்கொண்டிருந்தன, நான் இரவில் சொறிந்துகொண்டுதான் இருந்தேன். மருத்துவர் தாளைப் பார்த்து 'பிரமாதம்' என்றார். எனக்கு அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது. அரிப்புக்குத் தனியாக மருந்து கேட்க வேண்டும். நாமாகச் சொன்னால் ஒழிய அது பேச்சிலேயே வராது. முதலில் தருவது கோலஸ்டைரமின் என்ற பொடி, குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும். அது உர்சோவையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும், மற்ற மாத்திரைகளையும் விடாது. அதனால் பொடிக்கும் உர்சோவுக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இது பொடி டப்பாவோடு யாரும் சொல்லித் தராத சங்கதி. பொடி கேட்காவிட்டால் ரிஃபாம்பிசின் தருவார்கள், காசநோய்க்குத் தருகிற அதே மருந்து. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், கல்லீரலை அதுவே கெடுக்கவும் கூடும் என்பதால் ரத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மேல் நால்ட்ரெக்ஸோன், செர்ட்ராலின் என்று படிகள் உண்டு. எனக்கு ரிஃபாம்பிசினில் அடங்கியது. முதல் முறை விடியும் வரை தூங்கிய அன்று, ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து வீட்டில் என்னை உலுக்கி எழுப்பினார்கள்.

சோர்வுக்கு மருந்து இல்லை. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதற்கும் சோர்வுக்கும் நேரடித் தொடர்பும் இல்லை. ஆரம்ப நிலையில் இருப்பவர் படுத்தே கிடக்கலாம், முற்றிய நிலையில் இருப்பவர் ஓடியாடலாம். தைராய்டு, ரத்தசோகை, தூக்கக் குறைவு, மனச்சோர்வு இவை கூடச் சேர்ந்து அழுத்துகின்றனவா என்று பார்த்துச் சரிசெய்வது ஒன்றுதான் வழி. எனக்குத் தைராய்டும் குறைவாக இருந்தது. இந்த நோயோடு அது அடிக்கடி கூட வரும். அதற்கு மாத்திரை போட்டதில் ஓரளவு தேவலை. முக்கியமான வேலைகளைக் காலையிலேயே முடித்துக்கொள்கிறேன், மதியத்துக்கு மேல் யாருக்கும் எதற்கும் ஒப்புக்கொள்வதில்லை. சிலர் சோம்பேறி என்று நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

உர்சோ தொடங்கி ஒரு வருஷம் ஆனதும் பலன் இருக்கிறதா என்று முறையாகப் பார்ப்பார்கள். ஏஎல்பியும் பிலிருபினும்தான் முக்கிய எண்கள். பத்தில் நான்கு பேர் வரை போதிய பலன் பெறுவதில்லை, அவர்களுக்கு இரண்டாம் கட்ட மருந்து. ஒபெட்டிகோலிக் அமிலம் என்று ஒன்று 2016-ல் அமெரிக்காவில் வந்தது. முற்றிய சிரோசிஸ் உள்ளவர்களுக்கு அது ஆபத்து என்று தெரிந்து எச்சரிக்கைகள் கூடிக்கொண்டே போய், 2025-ல் அங்கே சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது. பழைய கட்டுரைகளில் அதைப் புகழ்ந்திருப்பதைப் படித்து ஏமாற வேண்டாம். 2024-ல் எலாஃபிப்ரனார், செலாடெல்பார் என்று இரண்டு புதிய மருந்துகள் அங்கே ஒப்புதல் பெற்றன. கொழுப்புக்கான பெசாஃபைப்ரேட்டும் பலன் தருகிறது என்று 2018-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று காட்டியது. எனக்கு இவை இன்னும் தேவைப்படவில்லை.

பழைய புத்தகங்களில் இந்த நோயின் பெயரே சிரோசிஸ் என்று முடியும். 2015 வாக்கில்தான் மாற்றினார்கள். தேடிப் படிக்கும்போது அதைப் பார்த்துவிட்டு எனக்கு ஈரல் சுருங்கிவிட்டது என்று ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் இருந்தேன். எனக்கு சிரோசிஸ் இல்லை. நோய் தெரிந்து சிகிச்சையும் தொடங்கி, உர்சோவுக்கு நன்றாகப் பலன் தெரிபவர்களில் பலர் சிரோசிஸ் வரை போவதே இல்லை. கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்பதை ஃபைப்ரோஸ்கேன் என்ற வலியில்லாத பரிசோதனையில் பார்த்துக்கொள்ளலாம். பயாப்ஸிக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டியதில்லை. அப்புறம், உறவிலும் தெரிந்தவர்களிலும் பாதிப் பேர் 'நீ குடிக்க மாட்டாயே, உனக்கு எப்படி?' என்று கேட்பார்கள். மீதிப் பேர் கேட்காமல் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இந்த நோய்க்குக் காரணம் குடி இல்லை. நான் முதலில் விளக்கிக்கொண்டிருந்தேன், இப்போது விடுவதே இல்லை, பயாப்ஸி அறிக்கையை முழுக்க வாசித்துக் காட்டிவிடுகிறேன். அடுத்த முறை கேட்பதில்லை.

கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று யாராவது பொடியோ, கஷாயமோ, டானிக்கோ கொடுத்தால் மருத்துவரிடம் காட்டாமல் தொடாதீர்கள். மூலிகை என்பதாலேயே அது கல்லீரலுக்குப் பாதுகாப்பு ஆகிவிடாது, மூலிகையால் கல்லீரல் கெட்டு மருத்துவமனைக்கு வருபவர்கள் உண்டு. எனக்கு அன்போடு வாங்கி வந்த புட்டிகள் வரிசையாகச் சேர்ந்தன. திருப்பிக் கொடுத்தால் மனம் வருந்தும் என்று வாங்கி வைத்துவிட்டு, பிறகு கழுவுதொட்டியில் ஊற்றினேன்.

கல்லீரலைத் தாண்டியும் கொஞ்சம் வேலை இருக்கிறது. பித்தம் குடலுக்குச் சரியாக வராவிட்டால் கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடம்பில் சேராது. எலும்பு சீக்கிரம் மெலியும்; எனவே டெக்ஸா என்ற எலும்பு ஸ்கேனை ஆரம்பத்திலேயே ஒரு தடவை எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் ஒப்பிட உதவும். கொலஸ்டிரால் ஏறியிருப்பதைப் பார்த்து முதல் நாளே கலங்க வேண்டாம், பித்தம் தேங்குவதால் அது ஏறும். கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தேவையா என்பதை உங்கள் இதயத்தின் நிலையையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். கண் வறட்சிக்குச் சொட்டு மருந்து போதும். புகை பிடிப்பவர்கள் நிறுத்தியே ஆக வேண்டும், நோயோடு அதற்குத் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றுக்கும் தொடர்பு சொல்கிறார்கள். அந்தத் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலை கிருமியிலும் பிடிசி-இ2 போன்ற புரதம் இருப்பதால், கிருமியை அடிக்கக் கற்றுக்கொண்ட எதிர்ப்பு அணு நம் புரதத்தையும் அடிக்க ஆரம்பித்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. எனக்கு இந்தத் தொற்று பல தடவை வந்திருக்கிறது. அதனால்தானா என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

அம்மா, மகள், உடன்பிறந்த பெண்கள் ஆகியோருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அதற்காக எல்லோரையும் பெரிய பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம். ஏஎல்பி பார்த்தால் போதும், கூடியிருந்தால் ஏஎம்ஏ. என் தங்கையை அழைத்துப் போனேன், வராமல் அடம் பிடித்தாள், அப்புறம் வந்தாள். ஏஎல்பி இயல்பு. அடுத்த தடவை ஆறு மாதம் கழித்து என் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது எனக்கு எலும்பு ஸ்கேனும் எடுக்க வேண்டும். அன்றைக்கு மாத்திரை அளவையும் புது எடைக்கு ஏற்ப மறுபடி கணக்குப் போடச் சொல்லியிருக்கிறார்கள். உர்சோ ஆரம்பித்த பிறகு மூன்று கிலோ ஏறிவிட்டேன்.